சிங்கப்பூரில் பழைய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்: கழற்றிப் போடாமல், ஓட்டிக்கொண்டே சரிசெய்ய

காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ ஒருவர் பழைய ஆல்ஃபா ரோமியோவை வாங்கிக் கொட்டகையில் ஏற்றி வைப்பார், எஞ்சினைத் தனியாகவும் கதவுகளைத் தனியாகவும் கழற்றிப் போடுவார், நேரம் கிடைக்கும்போதெல்லாம் வேலை செய்து மூன்று நான்கு வருடத்தில் புதுக் காராக வெளியே கொண்டுவருவார். சிங்கப்பூரில் அதற்கு வழியில்லை. இங்கே சிஓஇ, அதாவது வாகன உரிமைச் சான்றிதழ், இருக்கும் வரைதான் கார். அது முடியும்போது புதுப்பிக்காவிட்டால் பதிவை நீக்கி, உடைக்கவோ ஏற்றுமதி செய்யவோ கொடுத்துவிட வேண்டும். துணி போட்டு மூடி வைத்துக்கொள்ள முடியாது. கார் சாலையில் ஓடினாலும் சரி, பட்டறையில் ஸ்டாண்டில் நின்றாலும் சரி, சிஓஇ நாள் கழிந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே முதல்முறை இறங்குகிறவர்களுக்கு நான் சொல்வதெல்லாம் இதுதான்: ஓடுகிற காராக வாங்குங்கள், ஓட்டிக்கொண்டே கட்டம் கட்டமாகச் சரிசெய்யுங்கள், முழுசாகக் கழற்றாதீர்கள். கீழே உள்ள எல்லாம் இதைச் செய்வது எப்படி என்பதுதான்.

முதலில் காகிதம், அப்புறம் கார்

காரைப் பார்க்கப் போகும் முன்பே விற்பவரிடம் லாக் கார்டைக் கேளுங்கள், அதாவது காரின் பதிவு விவரங்கள். சிஓஇ என்றைக்கு முடிகிறது, கடைசியாகப் புதுப்பித்தது 5 வருடத்துக்கா 10 வருடத்துக்கா, இதுவரை எத்தனை பேர் கை மாறியிருக்கிறது, எஞ்சின் எண், சேசி எண் எல்லாம் அதில் இருக்கும். இதில் மற்ற எதையும்விட 5 வருடமா 10 வருடமா என்பதை முதலில் பாருங்கள். 5 வருடத்துக்குப் புதுப்பித்த சாதாரண காரை மறுபடி புதுப்பிக்க முடியாது. அந்த 5 வருடம் முடிந்ததும் கார் போய்விடும், நீங்கள் எவ்வளவு அழகாக்கி வைத்திருந்தாலும். இரண்டு வருடம் மிச்சமுள்ள ஒரு ஆல்ஃபா ஜிடிவி மலிவாகக் கிடைக்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஓட்டிப் பார்த்து ஆசை தீர வாங்கலாம், மீட்டெடுக்க வாங்கக்கூடாது.

10 வருடம் புதுப்பித்த கார்தான் இந்த வேலைக்குப் பொருத்தம். அதன் விலையை இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒரு கணக்குக்காக, விற்பவர் 75,000 வெள்ளி கேட்கிறார், அவர் 90,000 வெள்ளி கட்டி 10 வருடத்துக்குப் புதுப்பித்திருக்கிறார், இன்னும் 6 வருடம் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள சிஓஇயின் மதிப்பு 54,000 வெள்ளி. மீதி 21,000 வெள்ளிதான் நீங்கள் காருக்காகக் கொடுப்பது. பேரம் பேச வேண்டியது அந்த 21,000-இல்தான். இதே கணக்கை இன்னொரு பக்கமும் திருப்பிப் பாருங்கள்: 90,000-ஐ 120 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 750 வெள்ளி. கார் 8 மாதம் பட்டறையில் கிடந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் 6,000 வெள்ளி போயிருக்கும், அதுவும் சாலை வரி, காப்புறுதி, பட்டறைக் கட்டணம் எதையும் சேர்க்காமல்.

காரின் சிஓஇ இன்னும் புதுப்பிக்கப்படவில்லை, நீங்கள்தான் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் கட்டவேண்டியது பிக்யூபி எனப்படும் தொகை, கடந்த மூன்று மாத சிஓஇ விலைகளின் சராசரி. 5 வருடத்துக்கு அதில் பாதி. 1,600 சிசிக்கு மேற்பட்ட கார்கள் சிஓஇயின் பி பிரிவில் வருவதால் 2 லிட்டர் ஆல்ஃபாவுக்கும் ஃபெராரிக்கும் ஒரே பிக்யூபிதான். சிறிய ஸ்போர்ட்ஸ் கார் என்று சலுகை கிடையாது. 2023 அக்டோபரில் பி பிரிவு 150,000 வெள்ளியைத் தொட்டது நினைவிருக்கலாம். புதுப்பித்ததும் பார்ஃப் கழிவுத்தொகை (பத்து வயதுக்குள் பதிவை நீக்கினால் திரும்பக் கிடைக்கும் பணம்) போய்விடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

10 வயதைத் தாண்டிய காருக்குச் சாலை வரியோடு 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் தொடங்கி, வருடா வருடம் ஏறி, 14 வயதுக்கு மேல் 50 விழுக்காடாகிறது. வருடம் ஒருமுறை வாகனச் சோதனையும் கட்டாயம். காப்புறுதிக்கு முன்கூட்டியே பல இடங்களில் விசாரியுங்கள். பழைய காருக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டுமே தருகிற நிறுவனங்கள் பல உண்டு. உங்கள் கார் எரிந்துபோனால் கையில் ஒன்றும் வராது என்பது அதன் பொருள், அது தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது, கிளாசிக் வாகனத் திட்டம். காருக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும், வருடத்தில் 45 நாள்தான் சாலையில் ஓட்டலாம். சாதாரணமாக 3 வயதுக்கு மேற்பட்ட பழைய காரை இங்கே இறக்குமதி செய்ய முடியாது என்பதால், 1980களின் ஃபெராரி 328, ஆல்ஃபா ஜிடிவி6 போன்றவற்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர விரும்புகிறவர்களுக்கு இதுதான் வாசல். ஆனால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் அந்தக் குறிப்பிட்ட காரின் விவரத்தைக் கொடுத்து எழுத்தில் பதில் வாங்காமல் வெளிநாட்டு விற்பனையாளருக்கு ஒரு காசும் அனுப்பாதீர்கள். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்பதை ஜப்பான் விளம்பரங்களைப் பார்க்கும்போது மறந்துவிடக்கூடாது. நம்மைப்போல இடப்பக்கம் ஓட்டும் நாடாக இருந்தாலும் அங்கே இத்தாலிய கார்களில் நிறைய இடப்பக்க ஸ்டீயரிங்கோடு விற்கப்பட்டவை. லான்சியா டெல்டா இன்டெக்ரலே, ஃபியட் பார்க்கெட்டா இரண்டும் தொழிற்சாலையிலிருந்து வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்ததே இல்லை. ஆசைப்பட்டுப் பயனில்லை.

எந்தக் காரைத் தேடுவது

முதல் காருக்கு நான் சொல்வது ஆல்ஃபா ரோமியோவின் 916 வரிசை, அதாவது 1995-இல் விற்பனைக்கு வந்த ஜிடிவியும் அதன் கூரை திறக்கும் சகோதரி ஸ்பைடரும். பினின்ஃபரினா வடிவமைத்தது. பக்கத்தில் நின்று அந்த ஆப்பு போன்ற கோட்டைப் பாருங்கள், முப்பது வருடம் ஆகியும் கண் நகராது. அழகை விட்டுவிட்டாலும் காரணம் இருக்கிறது. இதன் அடித்தளம் அந்தக் காலத்து ஃபியட் குழுமத்தின் சாதாரண கார்களோடு பொதுவானது, 2 லிட்டர் ட்வின் ஸ்பார்க் எஞ்சினின் குடும்பம் 156, 147 கார்களிலும் வந்தது. ஆகவே பாகம் கிடைக்கும், கை வைக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார்.

பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதே காரை 3 லிட்டர் வி6 எஞ்சினோடு தேடுங்கள். ஜுசெப்பே புஸ்ஸோ வடிவமைத்த எஞ்சின் குடும்பம் அது. 1979-இல் ஆல்ஃபா 6 காரில் முதலில் வந்து 2005 கடைசி வரை தயாரிப்பில் இருந்தது. தயாரிப்பு நின்ற சில நாள்களில், 2006 ஜனவரித் தொடக்கத்தில், புஸ்ஸோவும் காலமானார். மூடியைத் திறந்தால் பளபளவென்று ஆறு குழாய்கள் தெரியும், எஞ்சின் ஏறும்போது வரும் சத்தத்துக்காகவே இந்தக் காரை வைத்திருக்கிறவர்கள் உண்டு, அவர்களை நான் முழுசாக ஆதரிக்கிறேன்.

ஃபியட் கூப்பேயும் நல்ல கார்தான், ஆனால் அதன் 5 சிலிண்டர் டர்போவில் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே இறக்குவார்கள், கூலி அதற்கேற்ப வரும். மசராட்டி 3200 ஜிடி விலையில் ஆசை காட்டும். அதன் வி8 எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகர ஆரம்பித்தால் எஞ்சினை முழுசாகப் பிரிக்க வேண்டிவரும், அளந்து பார்க்காமல் தொடாதீர்கள். ஃபெராரியில் 348, எஃப்355 இரண்டுக்கும் பெல்ட் மாற்ற எஞ்சினை வெளியே எடுக்க வேண்டும். 1999-இல் வந்த 360 மொடேனாவில் இருக்கைக்குப் பின்னால் உள்ள தடுப்பைத் திறந்தே அந்த வேலையைச் செய்யலாம். ஃபெராரிதான் வேண்டும் என்று மனம் ஒட்டிக்கொண்டவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே தீர்மானிக்கப் போதும்.

பார்க்கப் போகும்போது

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும், நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ட்வின் ஸ்பார்க் எஞ்சினில் ஸ்டார்ட் ஆனதும் டீசல் வண்டி மாதிரி சில விநாடி கடகடவென்று கேட்டால் வேரியேட்டர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) தேய்ந்திருக்கிறது. அது ஒன்றும் பயப்படும் விஷயமில்லை, பெல்ட் வேலையோடு சேர்த்து மாற்றலாம், விலையில் கழித்துக் கேளுங்கள். நீலப் புகை ஆயில் எரிவது, நிற்காத வெள்ளைப் புகை தண்ணீர் உள்ளே போவது. கூலன்ட் டப்பாவில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் கைகுலுக்கிவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

அப்புறம் ஓட்டிப் பாருங்கள், மத்தியான வெயிலில், ஏர்கான் போட்டு, நெரிசலில். காலை ஏழு மணிக்கு லிம் சூ காங் சாலையில் எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். மாலை ஆறு மணிக்கு மத்திய விரைவுச்சாலையில் ஊர்ந்துகொண்டு நிற்கும்போது வெப்பமுள் 90 பக்கத்தில் நிற்கிறதா, ரேடியேட்டர் விசிறி தானாகப் போட்டு அணைகிறதா என்று பாருங்கள். விரைவுச்சாலையில் வேகமாகப் போகும்போது முள் கீழே இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த எஞ்சின்களுக்கு அது வழக்கமான வியாதி, பாகமும் மலிவு.

துருவைப் பற்றி நம் ஊரில் ஒரு தவறான நிம்மதி இருக்கிறது, இங்கே சாலையில் உப்பு போடுவதில்லை, ஆகவே துரு இல்லை என்று. உப்பு இல்லைதான், ஆனால் மழையும் ஈரக்காற்றும் வருடம் முழுக்க இருக்கிறது, கிழக்குக் கடற்கரைப் பக்கம் திறந்த கார்நிறுத்துமிடத்தில் நின்ற காருக்குக் கடல்காற்றும் உண்டு. இங்கே துரு தண்ணீர் தேங்கும் இடத்தில் பிடிக்கும். ஸ்பைடரின் கூரை வடிகால்கள் அடைபட்டால் தண்ணீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்புக்கு அடியில் நிற்கும். விரிப்பைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள், மோந்தும் பாருங்கள். கதவின் அடி ஓரம், சக்கர வளைவு, பக்கச் சட்டம், ஜாக் வைக்கும் இடம், ஸ்பேர் சக்கரக் குழி எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். துணி சுற்றிய சின்ன காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால் தகரம் எங்கே, புட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) எங்கே என்று தெரிந்துவிடும். இங்கிலாந்திலிருந்து வந்த கிளாசிக் கார் என்றால் கதை வேறு, அதை லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்காமல் பேசவே வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23ஆம் வாரத்தில் செய்தது. பூக்கள் போலப் பளபளக்கும் காரில் பத்து வயது டயர் இருந்தால் அந்த உரிமையாளர் எங்கே செலவழித்தார், எங்கே செலவழிக்கவில்லை என்பது தெரிந்துவிடும்.

பிடித்திருந்தால் அன்றைக்கே முன்பணம் கொடுக்காமல், வாகனச் சோதனை நிலையம் ஒன்றில் வாங்குமுன் மதிப்பீடு செய்யுங்கள். அதோடு உங்கள் மெக்கானிக்கைக் கொண்டு கம்ப்ரஷன் சோதனையும், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனையும், செய்யுங்கள். எஞ்சின் சூடாக, எல்லா பிளக்கும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தி எடுக்கும் அளவு அது. சிலிண்டர்களுக்கு இடையே 10 முதல் 15 விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஏன் என்று தெரியும் வரை வாங்காதீர்கள். சோதனைக்கு விற்பவர் சம்மதிக்கவில்லையா, வேறு கார் பார்க்கலாம்.

பட்டறையைக் காருக்கு முன்பே பிடியுங்கள்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார்நிறுத்துமிடத்தில் கார் வேலை பார்க்க அனுமதி இல்லை, நம்மில் பெரும்பாலோருக்குத் தனிக் கொட்டகையும் இல்லை. ஆகவே பட்டறைதான் உங்கள் கொட்டகை. சின் மிங், காக்கி புக்கிட், ஊபி, புக்கிட் பாத்தோக் என்று தொழிற்பேட்டைகளில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, ஆனால் இத்தாலிய காரில் கைவைத்துப் பழகியவர்கள் கொஞ்சம் பேர்தான். கண்டுபிடிக்க ஒரு நேரடியான கேள்வி இருக்கிறது. “அங்கிள், ட்வின் ஸ்பார்க் பெல்ட் மாற்ற கேம் லாக் டூல் வைத்திருக்கிறீர்களா?” என்று கேளுங்கள். அந்த எஞ்சினில் கேம் ஷாஃப்டைச் சரியான நிலையில் பூட்டி வைத்துத்தான் பெல்ட் மாட்ட வேண்டும், திருத்தும் வெள்ளைப் பேனாவால் குறி போட்டு மாற்றுவது குத்துமதிப்பான வேலை. பெட்டியைத் திறந்து கருவியைக் காட்டுகிறவர் உங்கள் ஆள். மல்டிஈசியூஸ்கேன் மென்பொருள் உள்ள மடிக்கணினியும் அவரிடம் இருந்தால் இன்னும் நல்லது, இல்லையென்றால் நீங்களே வாங்கிவிடுங்கள், அதற்கேற்ற கேபிளோடு. ஃபியட் குழுமக் கார்களின் எஞ்சின், ஏர்பேக், ஏபிஎஸ் கோளாறுகளைப் படிக்க அது ஒன்றே பெரும்பாலும் போதும்.

பட்டறைக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: ஒரு நேரத்தில் ஒரு வேலை, பாகம் கையில் வந்த பிறகுதான் கழற்றுவது. கழற்றிவிட்டுப் பாகத்துக்குக் காத்திருப்பதில்தான் மாதங்கள் போகின்றன. இந்த ஒரு ஒழுங்கைக் கடைப்பிடித்தால் கார் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நாளில் உங்கள் கைக்கு வந்துவிடும்.

முதல் மாதத்தில்

வரலாறு என்னவென்று தாளில் நிரூபிக்க முடியாத எதையும் செய்யவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட் முதலில். ட்வின் ஸ்பார்க்கின் பெல்ட் 120,000 கிலோமீட்டர் தாங்கும் என்றுதான் ஆரம்பத்தில் சொன்னார்கள், முன்பே அறுந்துபோன எஞ்சின்கள் பெருகியதும் அது 60,000 ஆகக் குறைந்தது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், எஞ்சின் அதோடு முடிந்தது. மாற்றும்போது டென்ஷனர்கள், பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட், வேரியேட்டர், வாட்டர் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுங்கள். வாட்டர் பம்பின் விசிறி உலோகமாக இருக்கட்டும், பிளாஸ்டிக் விசிறி உடைந்து போவது தெரிந்த பிரச்சினை. ட்வின் ஸ்பார்க்கில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் எட்டு பிளக், விலையைக் கேட்டு நான்கோடு நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்து பெட்ரோல் ஹோஸ்கள். பழைய ரப்பர் நம் வெப்பத்தில் வெடித்து, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டுவதுதான் பழைய கார்கள் தீப்பிடிக்க முக்கியக் காரணம். எல்லா ரப்பர் ஹோஸையும், கிளிப்புகளையும் சேர்த்து மாற்றுங்கள், பெட்ரோல் இன்ஜெக்ஷன் அழுத்தத்துக்கு ஏற்ற ஹோஸ்தானா என்று எழுத்தைப் படித்துப் பாருங்கள். கை நீட்டினால் எடுக்கும்படி ஒரு தீயணைப்பானும் வையுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் நான்கையும் புதுப்பியுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

சூடுதான் இங்கே எதிரி

இத்தாலிக் கோடைக்கு வடிவமைத்த குளிர்விக்கும் அமைப்பு சிங்கப்பூர் நெரிசலைச் சமாளிக்கும், ஆனால் எல்லாப் பாகமும் முழு நலத்தோடு இருந்தால்தான். ரேடியேட்டரைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்யுங்கள், அல்லது புதிதே போடுங்கள். மேல் கீழ் ஹோஸ்கள், தெர்மோஸ்டாட், டப்பாவின் அழுத்த மூடி, விசிறியின் ரிலே எல்லாம் மாற்றத்தக்க விலையில் உள்ளவைதான். இங்கே பனி இல்லையே, வெறும் தண்ணீர் போதுமே என்று சிலர் குழாய்த் தண்ணீரை ஊற்றுவார்கள். கூலன்ட் வேலை உறைவதைத் தடுப்பது மட்டும் இல்லை, அலுமினிய சிலிண்டர் ஹெட்டை உள்ளிருந்து அரிக்காமல் காப்பதும் அதுதான். உப்பு நீக்கிய நீரோடு கலந்த கூலன்ட்டையே ஊற்றுங்கள், ஊற்றிய பிறகு காற்று வெளியேறும் வரை பொறுமையாக இருங்கள். காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் முள் சரியாகக் காட்டாது, எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

ஏர்கானையும் இங்கேயே சேர்க்கிறேன், ஏனென்றால் ஏர்கான் இல்லாத காரை சிங்கப்பூரில் நீங்கள் ஓட்டமாட்டீர்கள், ஓட்டாத கார் கெடும். 1990களின் தொடக்கத்துக்கு முந்தைய கார்களில் ஆர்12 வாயு இருந்தது, அவற்றை ஆர்134ஏவுக்கு மாற்றும்போது ஓ-ரிங், டிரையர், கம்ப்ரஸர் ஆயில் மூன்றும் மாற வேண்டும். வாயுவை மட்டும் அடைத்துத் தருகிறேன் என்கிறவரிடம் போகாதீர்கள்.

மின்சாரம்

இத்தாலிய கார் என்றாலே மின்கோளாறு என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் எர்த் முனைகளில் பிடித்த பச்சைக் களிம்புதான். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் உடனே பாகம் வாங்காமல், பாட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் கம்பிகளைக் கழற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கி, மீண்டும் இறுக்குங்கள். ஃபியூஸ் பெட்டியையும் கனெக்டர்களையும் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்யுங்கள். இது நீங்களே செய்யக்கூடிய வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும், பட்டறைக்காரர் ஓரத்தில் இடம் கொடுத்தால். எஞ்சின் திணறினால் காற்றின் அளவைப் பார்க்கும் ஏர்ஃப்ளோ மீட்டரையும் சந்தேகப்படுங்கள். மலிவான போலிகள் நிறைய உலவுகின்றன, பாஷ் கம்பெனியுடையதையே நம்பகமான இடத்தில் வாங்குங்கள்.

பிரேக், சஸ்பென்ஷன்

பிரேக்கில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை: ரப்பர் ஹோஸ், டிஸ்க், பேட், கேலிப்பர் சீல், எல்லாம் புதிது. சஸ்பென்ஷனில் புஷ்கள்தான் (உலோக இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையங்கள்) கதை. பின்பக்க மல்டிலிங்க் புஷ்கள் தேய்ந்த ஜிடிவி வளைவில் மிதப்பது போலிருக்கும், வாங்கியவர் இதுதான் ஆல்ஃபாவா என்று மனம் உடைந்துபோவார். புஷ்களும் டேம்பர்களும் மாற்றி, நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்த பிறகு அதே காரை பழைய அப்பர் தாம்சன் சாலையில் ஓட்டுங்கள். 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரீ பந்தயம் நடந்த சாலை அது, இன்றைக்கு ஒருவழிப் பாதை, வேக வரம்புக்குள் போனாலே ஸ்டீயரிங் எப்படிப் பேசுகிறது என்று புரியும். கடினமான பாலியூரத்தேன் புஷ் போடச் சொல்லி வற்புறுத்துவார்கள், தினசரி ஓட்டும் காருக்கு அசல் ரப்பரே என் தேர்வு.

வீட்டு ஹாலில் செய்யக்கூடிய வேலை

உட்புறம்தான் வீவக வீட்டில் இருக்கிறவர்களுக்கான பகுதி. கதவுப் பலகை, சுவிட்சுகள், கியர் மூடி, இருக்கை உறை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய், தரையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து செய்யலாம், கார் அப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். 1990களின் ஃபெராரி, மசராட்டி பொத்தான்கள் மேல் மெத்தென்ற ஒரு பூச்சு இருக்கும். வெப்பத்தில் அது இளகிப் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். ஐசோபுரோப்பில் ஆல்கஹால் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் பூச்சு போய்விடும், பொத்தானில் அச்சிட்ட குறியீடும் கூடவே போய்விடக்கூடும், ஆகவே முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பாருங்கள். துடைத்த பிறகு மங்கலான கறுப்புப் பூச்சு அடிக்கலாம்.

தோல் இருக்கைகளை நன்கு சுத்தம் செய்து, வெடிப்புகளை நிரப்பி, சாயம் ஏற்றினாலே பெரும்பாலும் புதுசு மாதிரி ஆகிவிடும். முழுசாக உறை மாற்ற வேண்டும் என்றால் ஜோகூர் பாருவில் நல்ல கைவேலைக்காரர்கள் இருக்கிறார்கள், கூலியும் குறைவு. மலேசியாவின் விஇபி (வாகன நுழைவு அனுமதி) பதிவும், நம் சோதனைச்சாவடியைத் தாண்டும்போது பெட்ரோல் டாங்கு முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். இருக்கைகளை மட்டும் நண்பரின் வேனில் அனுப்பினால் இன்னும் சுலபம்.

பாகங்கள்

நீங்கள் தேடும் பாகம் பெரும்பாலும் ஐரோப்பாவில் இருக்கும். பழைய 105 வரிசை ஆல்ஃபாக்களுக்கு இங்கிலாந்தின் ஆல்ஃபாஹாலிக்ஸும் கிளாசிக் ஆல்ஃபாவும், ஃபெராரி, மசராட்டிக்கு யூரோஸ்பேர்ஸும் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். பாகத்தின் எண்ணை வைத்துத் தேடுங்கள், பெயரை வைத்துத் தேடினால் தப்பான பாகம் வரும். அனுப்பும் செலவையும் 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், சின்னச் சின்னதாக வாங்குவதைவிட மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து வாங்குவது மிச்சம். ஆகவே ஒரு பட்டியல் வைத்திருங்கள், அடுத்த கட்டத்துக்கு என்ன வேண்டுமோ அது இந்தக் கட்டம் நடக்கும்போதே கிளம்பியிருக்க வேண்டும்.

பெயிண்டும் வருடாந்தரச் சோதனையும்

பெயிண்ட்டைக் கடைசிக்கு வையுங்கள். மெக்கானிக் வேலை நடக்கும்போது ஸ்பேனர் உரசும், கிரீஸ் படும், ஹோஸ் வெடித்துக் கூலன்ட் தெறிக்கும். தகரவேலைக்குத் துரு உள்ள பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் பற்றவைக்கச் சொல்லுங்கள், புட்டி பூசி மூடினால் ஒரு மழைக்காலத்தில் கொப்புளம் மேலே வந்துவிடும். பாடியின் மூடிய வெற்றறைகளின் உட்பக்கத்தில் துருவைத் தடுக்கும் மெழுகு தெளிக்கச் சொல்ல மறக்காதீர்கள். அசல் நிறத்திலேயே அடிப்பது நல்லது. வேறு நிறத்துக்கு மாற்றினால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவை மாற்ற வேண்டும். எஞ்சினையே மாற்றுவது, புகைபோக்கியை மாற்றுவது போன்றவற்றுக்கு அதன் விதிகளை முன்பே படித்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

சோதனைத் தேதிக்கு ஒரு மாதம் முன்பே காரைப் பட்டறையில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் கசிவு, ஹேண்ட் பிரேக், ஹெட்லைட் கோணம், ஹார்ன், சீட் பெல்ட், டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது, இவைதான் பழைய கார்களைப் பெரும்பாலும் மாட்டிவிடுபவை. சோதனை நாளன்று வீட்டிலிருந்து நேராகப் போய் வரிசையில் நிற்காமல், இருபது நிமிடம் விரைவுச்சாலையில் ஓட்டிவிட்டுப் போங்கள், புகை அளவெடுக்கும்போது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும். வரிசை நீளமாக இருந்தால் எஞ்சினை அணைக்காதீர்கள், விசிறி சத்தம் கேட்டால் பதற வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது.